ஈசான மூலையில் குரங்குச் சேட்டை

பிள்ளை,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் நான் தொடங்கப்போவதில்லை. நீ சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாய். தலைமயிர் காயவைக்கிற மெஷின் இரைகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. இதை வாயால் சொல்லலாம்தான். சொன்னால் ‘சே போன், அப்பா’, சரி போதும், என்று பிரெஞ்சில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டுப் போவாய். அதனால் எழுதுகிறேன், அதுவும் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழுக்கு இதை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வேண்டும். நல்லது, மெதுவாக வாசி. அவசரமாக வாசித்தால் அப்பா வழக்கம்போலத் திட்டுகிறார் என்று மட்டும்தான் விளங்கும். திட்டத்தான் போகிறேன், ஆனால் இந்த முறை வேறொன்றுக்காக. உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் அம்மா வாசிக்கட்டும், உன்னைக் கட்டப்போகிறவன் வாசிக்கட்டும், சம்பந்தி வாசித்தாலும் எனக்குச் சரிதான். சனிக்கிழமை காலையில் சாமான் ஏற்ற வான் வண்டி வருமுன் நீ வாசித்து முடித்தால் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஸ்கீ என்கிற பனிச்சறுக்குச் சாமானை நீ பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்குப் பிடிக்காது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற யாரிடமும் கேட்டுப் பார், மார்கழி பிறந்தால் அவன் முதுகைப் பிடித்துக்கொள்வான். ஆள் நீளத்துக்கு ஒரு பை. ஓடுகிற பட்டியின் வளைவில் அது திரும்பாது. குறுக்கே விழுந்து, பின்னால் வருகிற பெட்டிகளையெல்லாம் மறித்துக்கொண்டு கிடக்கும். நாங்கள் போய் இழுத்து எடுக்க வேண்டும். அந்தப் பையின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தால், வீட்டு வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்க, இன்னும் நல்ல பனி தேடி விமானம் ஏறுகிற சீமான்கள். விடிய எழும்பி என் கார் எங்கே என்று தேடித் தேடி நான் வாரிக் கொட்டுகிற அதே பனி! நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கண்டறியாத கூட்டத்தில் என் வீட்டிலிருந்து ஒருத்தி போய்ச் சேருவாள் என்று எந்தச் சாத்திரியும் எனக்குச் சொல்லவில்லை.

அதற்கு வழி விட்டவனே நான்தான் என்று உன் அம்மா சொல்லுவாள். பேய்க்கதை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது பாவற்பந்தல். இந்த நகரம் முழுவதும் வீடு மாறுகிற யூலை முதலாம் நாளில், எங்கள் தெருவில் ஒரு குடும்பம் கட்டில் மெத்தையோடு வான் வண்டியில் ஏறிப் போனது. கொண்டுபோக முடியாததையெல்லாம் நடைபாதையில் விட்டுப்போனது. அதற்குள் வட்டமாக ஒரு இரும்புச் சட்டகம், கால்களோடு. அதைப் பார்த்தவுடன் என் கண்ணுக்குப் பாவற்கொடிதான் தெரிந்தது. கொஞ்சம் கயிறு கட்டிவிட்டால் கொடி தானாக ஏறும், காய் கீழே தொங்கும், குனியாமல் பிடுங்கலாம். மேல்வீட்டு அண்ணையைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக உருட்டிக்கொண்டு வந்து பின்வளவில் வைத்தோம். நடுவில் கிடந்த கறுப்பு வலையை வெட்டி எறிவதற்குக் கத்தி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் நீ அதில் ஏறிவிட்டாய். பதின்மூன்று வயது உனக்கு. பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் வாய் திறக்காத பிள்ளை என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்ன பிள்ளை. வேலிக்கு மேலால் தலை தெரியத் தெரியத் துள்ளிக்கொண்டு, “அப்பா, மேல்வீட்டு மாமி மீன் பொரிக்கிறது தெரியுது!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாய். நான் கத்தியைத் திரும்பக் குசினியில் வைத்துவிட்டேன். அன்றைக்கே வெட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் குழம்புக்காவது ஏதாவது காய்த்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் உங்கள் வகுப்பை வடக்கே மலைக்கு பஸ்ஸில் கொண்டுபோனார்கள். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் எழும்பித் தலைகீழாகத் திரும்பி வந்து இறங்குகிற சில பெடியளை நீ அங்கே கண்டாயாம். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றுமுன் சொன்னாய்: “நான் வலையிலை செய்யிறதைத்தான் அவையள் பனியிலை செய்யினம், அப்பா.” அதோடு என் சனிக்கிழமைகள் போயின. சென்ட் லோரன்டில் ஒரு பழைய தையல் தொழிற்சாலைக்குள் அந்தப் பயிற்சிக்கூடம். உன் அம்மா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அதே தெருவில்தான் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். இப்போது அங்கே நிலத்தைத் தோண்டி, எங்கள் பின்வளவில் நிற்கிற மாதிரித் துள்ளுகிற வலை, ட்ராம்போலின், பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய குழி நிறையப் பஞ்சுக் கட்டிகள், ஊரெல்லாம் போட்ட காலுறை மணக்கும். அந்தக் கூடத்துக்குள்ளே பழைய ஸ்கீயைக் குட்டையாக வெட்டி, அடியில் கம்பளத் துண்டு ஒட்டி, விளிம்பெல்லாம் பட்டி சுற்றி, அதைக் காலில் பூட்டிக்கொண்டு துள்ளுகிறீர்கள். யோசித்துப் பார். பனியில் சறுக்குவதென்றால் மலை வேண்டும், பனி வேண்டும். மலையும் இல்லாத, பனியும் இல்லாத கோடை வெயிலில், கூரைக்குக் கீழே நின்று பனியில் பறக்கப் பழகுவது! நீந்தப் பழகுகிறேன் என்று கட்டிலில் கிடந்து கைகாலை அடிக்கிறவனை நாங்கள் எங்கே கொண்டுபோய் விடுவோம், சொல்லு.

இதையெல்லாம் நடத்துகிற அம்மாவின் பெயர் லூஸ். நான் வைத்த பெயர் அல்ல, பெற்றவர்கள் வைத்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்து தேர் அசைகிற மாதிரி நடப்பா. முதல் நாளே நான் என் பிரெஞ்சில் கேட்டேன், இது என்ன விசர் என்று. அவ கோபிக்கவில்லை. “மொன்சியர், பனியில் விழுந்து படிப்பதற்கு ஒரு உடம்பு போதாது. இங்கே விழுந்து படித்துவிட்டு அங்கே போகட்டும்” என்றா. சரி, ஏதோ பெரிதாகச் சொல்லித் தரப் போறா என்று பார்த்தால், கோடை முடியும்வரை உனக்கு அவ சொல்லித் தந்தது நிற்பதற்கு. துள்ளு, முழங்காலை மடக்கி அந்த வலையின் விசையைக் கொன்று, ஆணி அடித்த மாதிரி நில். திரும்பத் துள்ளு, நில். பிறந்து பத்தாம் மாதம் என் விரலைப் பிடித்துக்கொண்டு நீ இலவசமாகப் பழகிய விஷயம். மேலே வாங்கில் மற்றப் பெற்றோர்கள் கோப்பிக் குவளையோடு இருந்து, எதற்கெடுத்தாலும் ‘பிராவோ’. ஏறினால் பிராவோ, விழுந்தால் பிராவோ, மூக்கைத் துடைத்தால் பிராவோ. நான் மட்டும்தான் அந்த வாங்கில் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தவன். கீழே இறங்கி நீ வந்து, “எப்பிடி அப்பா?” என்று கேட்பாய். “குரங்குச் சேட்டை” என்பேன். “ஆனா போன கிழமை மாதிரித் தலையை முந்தி எறியேல்லை. அது பரவாயில்லை.” நீ சிரித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவாய்.

இதை வாசிக்கிற யாராவது, நிற்கப் பழகிவிட்டுப் பறக்க வேண்டும், ஆகா, வாழ்க்கைக்கு எவ்வளவு பெரிய பாடம் என்று தலையாட்டினால், தயவுசெய்து வேறு வீட்டில் போய் ஆட்டட்டும். ட்ராம்போலினில் ஒரு பாடமும் இல்லை. அதில் இருப்பது சுருள்வில்லும் வலையும், அதில் ஏறித் துள்ளுகிற ஒரு விசர்ப் பிள்ளையும்தான்.

அந்த விசரால் வந்தது என்ன? பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருஷம் மணிக்கட்டு உடைந்தது. வலையிலிருந்து விலகி, வில்லுகளுக்கு மேல் இருக்கிற மெத்தையில் கையை ஊன்றி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் நான் உன்னை என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவு இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவருக்குத் தமிழ் தெரியாதது அவர் செய்த புண்ணியம். உன் அம்மா வீட்டுக்கு வந்து உப்பும் மிளகாயும் சுற்றி நாவூறு கழித்து அடுப்பில் போட்டு, புகை எச்சரிக்கை மணி அடித்து, மேல்வீட்டு அண்ணை குடும்பத்தோடு தெருவுக்கு ஓடிவந்தார். ஆனால் நீ கட்டுப் போட்ட கையோடு அடுத்த சனிக்கிழமை சப்பாத்துப் போட்டுக்கொண்டு கார்க் கதவடியில் நின்றாய். துள்ள விடமாட்டினம், சின்னப் பிள்ளைகளுக்கு மெத்தை தள்ளிக் கொடுக்கலாம் என்றாய். “மானம் ரோசம் இருக்கோ உனக்கு?” என்று கேட்டுக்கொண்டே காரை எடுத்தேன். அப்படி மெத்தை தள்ளப் போனவள்தான் இப்போது அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் சனிக்கிழமைதோறும் சொல்லிக் கொடுக்கிறாய். கிழமை நாளில் மருந்துத் தொழிற்சாலையில் வெள்ளை மேலங்கி போட்ட மரியாதையான பெண். சனிக்கிழமை வந்தால் காலில் பலகை.

போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கமாக இரண்டு தரம் தலைகீழாகப் போய், நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, பலகை நேராக வந்து இறங்க வேண்டிய அந்தக் கண்றாவி. கோடை முழுவதும் அது உனக்குச் சரிவரவில்லை. சுருண்ட உடம்பை விரிக்க வேண்டிய கணத்தில் லூஸ் கீழே நின்று ‘ஊவ்ர்!’ என்று கத்துவா, நீ பிந்துவாய், முதுகில் போய் விழுவாய். எனக்கு அந்த வாங்கில் இருந்து இருந்து அந்தக் கணம் பாடமாகிவிட்டது. அவ கத்துவதற்கு முன்னமே என் தொண்டைக்குள் ‘விரி, விரி’ என்று வந்துவிடும். அன்றைக்கு அவ வாயைத் திறக்குமுன் நீயே விரித்தாய். இரண்டு பலகையும் ஒன்றாக வந்து வலையில் இறங்கின. நீ அசையாமல் நின்றாய். பிராவோக் கூட்டம் எழும்பி நின்று கத்தியது. நான் எழும்பவில்லை. நீ என்னைத்தான் பார்த்தாய். இறங்கி வந்ததும், “கால் ரெண்டையும் இன்னும் ஒட்டி வைச்சிருந்தா கொஞ்சம் பாக்கலாம்” என்றேன். நீ துள்ளிக்கொண்டு போய் லூஸைக் கட்டிப் பிடித்தாய். இந்த மார்கழியில் அதைப் பனியில் செய்வதென்று இரண்டு பேரும் அங்கேயே முடிவு செய்தீர்கள்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கமிருந்து சம்பந்தி பகுதி வந்தது, தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கும், வளவில் மரக்கொப்பு நடுகிற கன்னிக்காலும் எப்போது, எப்படி என்று கதைத்து முடிக்க. அதற்கு வளவைப் பார்க்க வேண்டும் என்றார் உன்னைக் கட்டப்போகிற நிரோஷனின் தகப்பன். பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். வடகிழக்கு, அதாவது கன்னிக்கால் நட வேண்டிய ஈசான மூலை, அங்கேதான் உன் ட்ராம்போலின், மேப்பிள் இலை உதிர்ந்து கிடக்க, நிற்கிறது. அந்த மனிதர் அதன் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார், சந்தையில் அழுகின மீனைத் தொடுகிற மாதிரி.

“அண்ணை, இந்தக் கூத்து இதிலை நிண்டா ஐயர் என்ன சொல்லுவார்? என்ரை தங்கச்சியின்ரை பெடியன் சனிக்கிழமை காலமை வான் கொண்டு வருவான். கழட்டிக் கொண்டுபோய் எறிஞ்சிடுவான். உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை.”

அதுவரைக்கும் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கலியாண வீட்டில் சாமான் இடம் மாறுவது வழமைதானே. அப்போதுதான் நீ தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தாய். அவர் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“பிள்ளையும் இனி உந்தக் குரங்குச் சேட்டையெல்லாம் விட்டிடவேணும், என்ன? கலியாணம் கட்டின பொம்பிளை அந்தரத்திலை தலைகீழா நிண்டா எங்களை ஆர் மதிக்கிறது?”

“ஓம் மாமா. இனி எனக்கு உது தேவையில்லை” என்றாய்.

சீனி போதுமோ என்று கேட்கிற குரலில் சொன்னாய். சொல்லிவிட்டு அவருக்குத் தேத்தண்ணியைக் கொடுத்தாய். நிரோஷன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். உன் அம்மா என் காலை மிதித்தபடியால் நான் வாய் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு குசினிக்குள் உன் அம்மா கேட்டாள், “இவ்வளவு வருசமா நீங்கள் சொன்னதைத்தானே அந்தாளும் சொன்னது? குரங்குச் சேட்டை எண்ட சொல்லே உங்கடை. எத்தினை தரம் அவையளுக்கு முன்னாலை சொல்லிச் சிரிச்சனீங்கள்?”

“நான் சொல்லலாம்.”

“ஏனாம்?”

“நான் பாத்துப்போட்டுச் சொன்னனான்.”

அவள் திரும்பிக் கோப்பைகளைக் கழுவினாள். ஆனால் உனக்கு நான் இதை விரித்துச் சொல்ல வேண்டும். பழிக்கிறதென்றாலும் பார்த்துப் பழிக்க வேண்டும், பிள்ளை. எத்தனை குளிர்காலம், எத்தனை கோடை, அந்தக் காலுறை மணத்துக்குள் இருந்து, நீ விழுகிற ஒவ்வொரு தரத்தையும் பார்த்து, அதற்குப் பிறகு பழித்தவன் நான். அந்தச் சொல்லை நான் உழைத்து வாங்கினேன். இந்த மனிதர் வாசலில் நின்று மோந்து பார்க்காமலே ஒரு வீட்டுச் சமையல் சரியில்லை என்கிறார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

ஈசான மூலையாம்! அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்கு அவர்கள் கன்னிக்கால் நட்டபோது நானும் போயிருந்தேன். முறைப்படி நட வேண்டிய முள்முருக்குக்கு இங்கே எங்கே போவது, அதனால் யாரோ ஒரு பூங்காவில் முறித்த மேப்பிள் கொப்பு. அதை நட்டது நாலாம் மாடிப் பல்கனியில், சிவப்பு நிறப் பிளாஸ்டிக் வாளிக்குள். வாளி ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் அரிசி மூட்டை முண்டு கொடுத்திருந்தது. அந்தப் பல்கனி தெற்குப் பார்த்தது. ஐயர் ஒன்றும் சொல்லவில்லை, மேளகாரர் ஒன்றும் சொல்லவில்லை, இவருக்கும் அன்றைக்குத் திசை தெரியவில்லை. அந்தக் கலியாணத்திலேயே பொம்பிளையைப் பல்லக்கில் ஏற்றி, புகை கக்குகிற மெஷினுக்குள்ளால் மணவறைக்குக் கொண்டுவந்தார்கள். தூக்கி வந்த பெடியளில் ஒருவன் புகையில் படி தெரியாமல் தடக்கி, பல்லக்குச் சரிந்து, பொம்பிளை கூறையோடு ஒரு பக்கம் தொங்கினாள். அது பண்பாடு. என் பிள்ளை பழகித் தேறி, தன் உடம்பு எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறதென்று தெரிந்து தலைகீழாகப் போனால் அது மானக்கேடு. அட, போங்கோ!

நிரோஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்குள் வந்தால் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைப்பான், உன் அம்மா கேட்காமலே அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளே வைப்பான், உன்னோடு கதைக்கும்போது உன் முகத்தைப் பார்த்துக் கதைப்பான். செவ்வாய்க்கிழமை அழைப்பிதழ் தர வந்தவனை வாசலில் மறித்தேன்.

“தம்பி, இவள் துள்ளுறதை ஒருக்காலாவது நேரிலை பாத்திருக்கிறீரோ?”

“போனிலை வீடியோ பாத்தனான், மாமா.”

“எப்பிடி இருந்தது?”

“உண்மையாச் சொன்னா, பயமா இருந்தது. ஆனா வடிவா இருந்தது.” சொல்லும்போது அவன் முகம் ஒருக்கால் விரிந்ததை நான் கண்டேன். பிறகு அது சுருங்கியது. “ஆனா அப்பாவுக்கு...”

ஆனா அப்பாவுக்கு! முப்பது வயதில், சொந்தமாக வீடு பார்க்கப் போகிற ஆம்பிளை, வடிவென்று தன் கண் சொன்னதைத் தகப்பனிடம் கேட்டுத் திருத்துகிறான். எடுப்பார் கைப்பிள்ளை. இருந்தாலும் அந்தப் பயம் எனக்குப் பிடித்தது. எனக்கும் அதே பயம்தான். நான் அதைப் பழிப்பாகக் கொட்டுகிறேன், அவன் அதைத் தகப்பன் தலையில் கட்டுகிறான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் திருந்துவான். ஆனால் நீ அவனுக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை. அவன் வாய் திறக்குமுன் ‘ஓம்’ என்றுவிட்டாய்.

நேற்றுக் காரில் உன்னிடம் நேராகவே கேட்டேன், உண்மையாகத்தான் விடப்போகிறாயா என்று. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய்: “வயசும் போகுதுதானே, அப்பா. எல்லாருக்கும் பிரச்சினை ஏன்? நீங்களும் எப்பவும் இதைத்தானே கேட்டனீங்கள்.” லூஸ் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்து, சாருகா இந்தச் சனிக்கிழமை வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாள், பிள்ளைகள் தேடுவார்கள், சுகமில்லையா என்று கேட்டா. ஓம், சுகமில்லை என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நான் திட்ட வந்த விஷயம். நீ துள்ளியதற்காக உன்னை நான் திட்டினதெல்லாம் சும்மா வாய். அது உனக்கும் தெரியும், தெரிந்தபடியால்தான் சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான், பிள்ளை, உன்னை நான் முதன்முதலாக உண்மையிலேயே இழிவாகப் பார்த்தேன். தேத்தண்ணித் தட்டை ஏந்திக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு நிமிஷம் யோசிக்காமல், இத்தனை வருஷத்தைக் கையலம்பிவிட்டு நின்றாயே, அந்த நிலை எனக்கு அருவருப்பாக இருந்தது. நீ என் பிள்ளை என்றபடியால் இன்னும் அருவருப்பாக இருந்தது. உடைந்த கையோடு கார்க் கதவடியில் நின்றவளுக்கு எத்தனை திமிர் இருந்தது! அவளை எங்கே விட்டுவிட்டு வந்தாய்?

துள்ளுவதை விடாதே என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே உனக்கு அலுத்துப்போனால், பயம் பிடித்துவிட்டால், முழங்கால் போதும் என்றால், விடு. நான் பொங்கிப் படைத்துக் கொண்டாடுவேன். வயிற்றில் ஒன்று வரும் காலத்தில் யாரும் சொல்லாமலே நீ இறங்கி நிற்பாய், அந்த அறிவு உனக்கு உண்டு. லூஸும் ஒரு நாள் தானாகத்தான் நிறுத்தினவ, ஒருவரும் வான் கொண்டுவந்து அவவின் பலகையை ஏற்றிக்கொண்டு போகவில்லை. ஒருவரின் இளிப்புக்காக ஒன்றை விட்டால் அதோடு நிற்காது. நாளைக்கு வேலை தூரம் என்பார்கள், சனிக்கிழமை சிநேகிதிகள் ஏன் என்பார்கள், எல்லாவற்றுக்கும் அதே குரலில் ஓம் சொல்லுவாய், சீனி போதுமோ என்று கேட்கிற குரலில். அப்படி ஒரு வீடு முழுக்க ஓம் சொல்லிக்கொண்டு திரிகிற பெண்களை நான் இந்த ஊரில் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் தேத்தண்ணி நல்லாத்தான் இருக்கும்.

நிரோஷனோடு கதை. அவன் தகப்பனோடு அல்ல, அவனோடு. அந்தக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாங்கில் இருத்து. பயந்தாலும் பரவாயில்லை, பார்க்கட்டும். பார்த்த பிறகு அவன் உன் பக்கம் நின்றால் நான் அவனுக்குக் காலுறை மணத்துக்கு ஒரு மருந்து சொல்லிக் கொடுக்கிறேன். நிற்காவிட்டால், கலியாணம் நின்றாலும் நிற்கட்டும். மண்டபம் போகட்டும், அச்சடித்த அழைப்பிதழ் போகட்டும். வீடு வீடாக நான் போய்ச் சொல்கிறேன், என் மகள் வேண்டாம் என்றுவிட்டாள் என்று. ஊர் இரண்டு கிழமை கதைக்கும், பேந்து வேறு வீட்டைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஊரைப் பற்றி என்ன மதிப்பு இருக்கிறது என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், பிறகு, “அவளுக்கு வாய் இருக்கெல்லே, அவள் சொல்லட்டும்” என்றாள்.

சனிக்கிழமை காலை வான் வரும். நான் பின்வளவுக் கதவடியில் நிற்பேன். நீ வந்து எனக்குப் பக்கத்தில் நின்று, இதை எடுக்க வேண்டாம் என்று உன் வாயால் ஒருக்கால் சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். பிறகு நீ மார்கழியில் மலைக்குப் போ, நானும் வந்து பனிக்குள் விறைத்துக்கொண்டு நின்று, உன் காலையும் கையையும் நீ தலையை எறிகிற விதத்தையும் வாய் வலிக்க வலிக்கப் பழிப்பேன். நீ வராவிட்டால் நான் சத்தம் போட மாட்டேன். வில்லுகளை நானே கழற்றி, சட்டகத்தைப் பிரித்து, அந்தப் பெடியனுக்கு வானில் ஏற்றிக் கொடுப்பேன். அதற்குப் பிறகு உன்னை நான் ஒருநாளும் பழிக்க மாட்டேன், பிள்ளை. நீ நிரோஷனோடு இந்த வீட்டுக்கு வந்தால் கதிரையை விட்டு எழும்பி நின்று, “வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” என்று உன்னைக் கேட்பேன்.

அப்பா